அலைச்சறுக்குப் பலகைக்கு எந்த நுரை? கொழும்பில் முதல் பலகை செய்கிறவர்களுக்கு

பலகை செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை டென்சிட்டி (அடர்த்தி) நுரை வாங்கவேண்டும்?" நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. மேலே எத்தனை அவுன்ஸ் கண்ணாடி இழைத் துணி போடப் போகிறீர்கள், அதை நனைத்து இறுக்க எந்த ரெசின், ஏறி நிற்கப் போகிறவர் எத்தனை கிலோ என்று தெரியாமல் நுரைக்கு மட்டும் ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. நுரையும் மேல்தோலும் சோடி. ஒன்றில் குறைத்தால் மற்றதில் கூட்டவேண்டும். கீழே வருவதெல்லாம் இந்தச் சோடியை எப்படிப் பொருத்துவது என்பதுதான்.

வெலிகமவிலோ அறுகம்குடாவிலோ வாடகைப் பலகையில் பழகிவிட்டு, அடுத்ததைச் சொந்தக் கையால் செய்து பார்ப்போம் என்று நினைக்கிற கொழும்புக்காரரை மனதில் வைத்து எழுதுகிறேன். பலகையின் வடிவம், வளைவு, செட்டை எல்லாம் வேறு கதை. இங்கே உள்ளே இருக்கும் நுரை மட்டும்.

நுரையின் வேலை என்ன

அலை பலகையை வளைக்கும்போது ஒரு பக்கத் தோல் நெரிபடும், மறுபக்கத் தோல் இழுபடும். அந்த விசைகளைத் தாங்குவது கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் சேர்ந்த மேல்தோல்தான். நுரை இரண்டு வேலை செய்கிறது. மேல்தோலையும் கீழ்த்தோலையும் ஒன்றுக்கொன்று நெருங்கவிடாமல் தள்ளி வைத்திருக்கிறது. அப்புறம், நெரிபடுகிற தோல் உள்ளே மடிந்துவிடாமல் பின்னால் நின்று தாங்குகிறது.

இரண்டாவது வேலையைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. நடுவில் உடைந்த பலகையைக் கண்டால் கிட்டப் போய்ப் பாருங்கள். பல தடவை ஒரு பக்கத் தோல் சுருங்கி உள்நோக்கி மடிந்திருக்கும். உடைவு அங்கேதான் தொடங்கியது, மறுபக்கம் கிழிந்தது பிறகு. நுரை மென்மையாக இருந்தால் தோல் சீக்கிரம் மடியும். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதுகு கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது நிற்காது.

ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ ஆள் ஒற்றைக் குதிக்காலில் நிற்கிறார். குதிக்கால் படும் இடம் 5 சென்றிமீற்றருக்கு 5 சென்றிமீற்றர் என்று வையுங்கள். அந்த இடத்தில் அழுத்தம் ஏறத்தாழ 275 கிலோபாஸ்கல். நாம் ரெஜிபோம் என்று சொல்லும் ஈபிஎஸ் நுரைக்கு அமெரிக்கத் தர அளவையான ஏஎஸ்டிஎம் சி578 குறைந்தபட்சமாகக் கேட்கும் அழுத்த வலு இப்படி: கன மீற்றருக்கு 15 கிலோ அடர்த்தியில் 69 கிலோபாஸ்கல், 18 கிலோவில் 90, 22 கிலோவில் 104, 29 கிலோவில் 173. நுரையின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு அமுங்கும் நேரத்து அளவு இது.

அதாவது இதில் எந்த நுரையும் வெறுமனே ஒரு குதிக்காலைத் தாங்காது. மேல்தோல் அந்தப் பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதால்தான் தாங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அடர்த்தி 15இலிருந்து 29க்குப் போகும்போது, அதாவது இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும்போது, வலு இரண்டரை மடங்காகிறது. கூடக் கொடுக்கும் எடை வீண்போகவில்லை.

முதலில் ரெசின், பிறகு நுரை

நுரையைத் தேடிப் போகுமுன் எந்த ரெசின் கைக்கு வரும் என்று பாருங்கள். மீன்பிடிப் படகு, தண்ணீர்த் தாங்கி, வாகன பம்பர் எல்லாம் பைபரில் செய்கிற நாடு இது. ஆகவே பொலியெஸ்டர் ரெசின் கொழும்பில் சிரமமில்லாமல் கிடைக்கும், இன்னொரு ரெசினான எப்பொக்சியைவிட மலிவும் கூட. ஆனால் பொலியெஸ்டரில் ஸ்டைரின் என்ற திரவம் இருக்கிறது. அது ரெஜிபோமைக் கரைத்துவிடும். மெதுவாக அல்ல, கண்ணுக்கு முன்னாலேயே. நம்பாவிட்டால் ஒரு துண்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்.

பொலியெஸ்டர் ரெசின்தான் என்றால் பொலியூரித்தேன் நுரை, சுருக்கமாகப் பியூ, வேண்டும். எப்பொக்சி என்றால் எந்த நுரையும் சரி. தடை ஒரு பக்கம் மட்டும்தான்: பொலியெஸ்டரும் ரெஜிபோமும் சேரவே கூடாது. இதே காரணத்தால் ரெஜிபோம் மேல் தின்னர், அசிட்டோன், சாதாரண ஸ்பிரே பெயின்ற், சப்பாத்துக் கடை கொண்டாக்ட் பசை எதுவும் படக்கூடாது. நிறம் வேண்டுமானால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்.

பியூ நுரை 1950களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பல்சா மரத்தை விட்டு நுரைக்கு மாறிய காலத்திலிருந்து பலகைகளின் வழமையான உள்ளீடு. பின்னாளில் கிளார்க்கின் நிறுவனம் அமெரிக்கச் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருந்தது. 2005 டிசம்பர் 5ஆம் திகதி அவர் அதைச் சட்டென்று மூடினார். ஒரே நாளில் நுரை இல்லாமல் போன பலர் ஈபிஎஸ், எப்பொக்சி பக்கம் திரும்பினார்கள். இன்று இரண்டு வழியும் நன்றாகவே நடக்கின்றன. எது உயர்ந்தது என்ற சண்டை நமக்கு வேண்டாம். கொழும்பில் எது கிடைக்கும் என்பதே நம் கேள்வி.

பலகைக்கென்றே வார்த்த பியூ பிளாங்க்குக்கு, அதாவது இன்னும் சீவாத நுரைக் கட்டைக்கு, தென்கரையிலும் அறுகம்குடாவிலும் பலகை திருத்துகிற இடங்களில் கேட்டுப் பாருங்கள். உடைந்த பலகைகளும் அங்கே கிடக்கும். பழைய தோலை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் நுரையில் குட்டையான பலகை ஒன்றைச் சீவி எடுப்பது முதல் முயற்சிக்கு மோசமான யோசனை அல்ல. தண்ணீர் குடித்து மஞ்சளாகிய நுரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகை எக்ஸ்பிஎஸ். நீலம் அல்லது இளஞ்சிவப்பில் வரும், மணி மணியாக இல்லாத, வழவழப்பான தாள். ரெஜிபோமைவிடக் குறைந்த அடர்த்தியிலேயே அதே வலுவைத் தரும், தண்ணீரும் குடிக்காது. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த மூடிய அறைகளுக்குள் இருக்கும் வாயு வெயிலில் விரிந்து, வெளியே போக வழியில்லாமல், தோலைக் கழற்றிக் குமிழியாக்கிவிடும். மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் ரெசின் பிடிப்பும் குறைவு. கரடுமுரடான சாண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்தால் பிடிப்பு கூடும், ஆனால் வெயிலை நாம் என்ன செய்ய முடியும்? முதல் பலகைக்கு இது வேண்டாம். சிறு துண்டுகள் வேறு ஒன்றுக்கு உதவும், கீழே சொல்கிறேன்.

ஆக, கொழும்பில் தொடங்குகிற பெரும்பாலானோருக்கு வழி ரெஜிபோமும் எப்பொக்சியும்தான். இனி அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

கடையில் எண்களை எப்படி வாசிப்பது

வெளிநாட்டுக் காணொளிகளில் அடர்த்தியைக் கன அடிக்கு இத்தனை இறாத்தல் என்பார்கள். 16ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும்: 1 இறாத்தல் நுரை என்பது கன மீற்றருக்கு 16 கிலோ, ஒன்றரை என்பது 24, இரண்டு என்பது 32. பியூ பிளாங்க்குகள் ஏறக்குறைய 35க்கும் 50க்கும் இடையில் இருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய முறையில் பெயரிட்ட தாளில் "ஈபிஎஸ் 100", "ஈபிஎஸ் 150" என்று கண்டால் அது அடர்த்தி அல்ல, கிலோபாஸ்கலில் அழுத்த வலு. 100 என்று பார்த்துவிட்டு "அம்மாடி, பியூவைவிட இரண்டு மடங்கு பாரமா" என்று பயப்பட வேண்டாம்.

பழைய சோனகத் தெருப் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"அண்ணே, இது எத்தனை டென்சிட்டி?"

"இது ஹார்ட் தம்பி. இதுக்கு மேலே ஹார்ட் இல்லை."

அவரைக் குறை சொல்ல முடியாது. சிலிங்குக்கும் பக்கிங்குக்கும் வாங்குகிறவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை. நீங்கள்தான் நிறுக்க வேண்டும். 8க்கு 4 அடி, 2 அங்குலத் தடிப்புள்ள முழுத் தாளின் கனவளவு 151 லீற்றர். அது 20 கிலோ அடர்த்தி என்றால் தாள் 3 கிலோ இருக்கவேண்டும். 30 என்றால் நாலரைக் கிலோ. மிக இலேசான பக்கிங் தாள் 2 கிலோவைக்கூடத் தொடாது. முழுத் தாளைத் தராசில் வைக்க முடியாவிட்டால் தொங்கு தராசில் கொழுவிப் பாருங்கள்.

துண்டு கிடைத்தால் இன்னும் சுலபம். ஒரு லீற்றர் நுரை எத்தனை கிராமோ அதுவே கன மீற்றருக்கு அத்தனை கிலோ. 30 சென்றிமீற்றர் நீளம், 20 அகலம், 10 தடிப்பு உள்ள துண்டு 6 லீற்றர். சமையலறைத் தராசில் 120 கிராம் காட்டினால், ஆறால் பிரிக்க 20. முடிந்தது. ஈர நுரை பொய் சொல்லும், ஆகவே காய்ந்த துண்டாக இருக்கட்டும்.

கடையில் ஒத்துவராவிட்டால் ரெஜிபோம் கட்டிகளை வார்க்கும் இடத்திலேயே கேட்டுவிடலாம். இங்கே இரண்டு விஷயம் கேட்க மறக்கக்கூடாது. ஒன்று, இரண்டு துண்டு ஒட்டிச் செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டும் ஒரே கட்டியிலிருந்து வெட்டியதா? ஒரு பாதி மென்மை, ஒரு பாதி வன்மை என்றால் சீவும்போதே அழுகை வரும். மற்றது, கட்டி வார்த்து எவ்வளவு நாளாகிறது? புதிதாக வார்த்ததில் ஈரமும் பென்ரேன் வாயுவும் மிச்சம் இருக்கும், மெல்லச் சுருங்கவும் செய்யும். சில வாரம் கிடந்து ஆறிய கட்டியே நல்லது.

இன்னொரு வாசலும் உண்டு. மணவறை அலங்காரம் செய்கிறவர்கள். யானைத் தலையும் தூணும் ரெஜிபோமில் செதுக்கி எடுக்கிற அந்தக் கைகளுக்குச் சூட்டுக் கம்பி பழக்கமான சாமான், எந்தக் கடையில் எந்த நுரை மணி உதிராமல் வருகிறது என்பதும் தெரியும். அவர்கள் வாங்குவது பெரும்பாலும் நமக்குத் தேவையானதைவிட மென்மையாக இருக்கும். என்றாலும் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

எடை மட்டும் போதாது

ஒரே அடர்த்தியுள்ள இரண்டு துண்டுகள் ஒரே தரமாக இருக்கவேண்டியதில்லை. ரெஜிபோம் என்பது ஊதிப் பெருத்த மணிகள் ஆவியில் ஒன்றோடொன்று ஒட்டியது. அந்த ஒட்டு சரியில்லாவிட்டால் மணிகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் போகும், ரெசினும் போகும்.

ஒரு துண்டைக் கையால் முறித்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல நுரையில் முறிவு மணிகளின் நடுவால் போயிருக்கும். பாதியாய்ப் பிளந்த மணிகள், உள்ளே சின்னச் சின்ன அறைகள், முகம் மங்கலாகத் தெரியும். மோசமானதில் மணிகள் முழுசு முழுசாக, பளபளவென்று உருண்டையாக நிற்கும், விரலால் சுரண்டினால் பொலபொலவென்று உதிரும். பேலியகொடை மீன் சந்தைப் பக்கம் உடைந்து கிடக்கும் மீன் பெட்டிகளில் இரண்டு வகையையும் காணலாம், காசில்லாப் பாடம். முறிவில் கோணல்மாணலான துண்டு துணுக்குகள் கலந்திருந்தால் பழைய நுரையை அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள். விலை குறைவாக இருக்கும், வாங்க வேண்டாம்.

வலுவையும் வீட்டிலேயே சோதிக்கலாம். 5 சென்றிமீற்றர் கனசதுரம் ஒன்றைச் சரியாக வெட்டி, தட்டையான மரத்துண்டு ஒன்றை மேலே வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றுங்கள். 15 கிலோ அடர்த்தியுள்ள நுரை ஏறத்தாழ பதினேழரைக் கிலோ பாரத்தில் 5 மில்லிமீற்றர் அமுங்கும். 22 கிலோ நுரைக்கு 26 கிலோ மட்டில் வேண்டும், 29 கிலோ நுரைக்கு 44 கிலோ. 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றை நிரப்பி மேலே வைத்தாலே எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். கான் சாயாமல் யாராவது பக்கத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.

தண்ணீர்ச் சோதனைக்கு, முதலில் எடை பார்த்த துண்டு ஒன்றை இரவு முழுக்க வாளிக்குள் கல் வைத்து அமுக்கிவிட்டு, காலையில் வெளிப்பக்கத்தைத் துடைத்து மறுபடி நிறுங்கள். இரண்டு கடைத் துண்டுகளை ஒரே வாளியில் போட்டு ஒப்பிடுவது நல்லது.

சரி, எதை எடுப்பது

முதல் பலகையாக 7 அடி அளவில், 48 லீற்றர் மட்டில் ஒன்றைச் செய்வதாக வைப்போம். வெலிகம மணற்கரையில் பழக இது நல்ல அளவு. 20 கிலோ நுரை என்றால் உள்ளீடு 0.96 கிலோ. 30 கிலோ நுரை என்றால் 1.44 கிலோ. வித்தியாசம் அரைக் கிலோகூட இல்லை. மிதப்பிலும் பெரிதாக ஒன்றும் போகாது. பலகை மிதப்பது அதன் கனவளவால், 48 லீற்றரில் அரைக் கிலோ என்பது நூற்றுக்கு ஒன்று. இலேசான நுரை நன்றாக மிதக்கும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இதே அரைக் கிலோவை மேல்தோலில் போட்டால் என்ன கிடைக்கும்? மேல்பக்கத்தின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர். அங்கே 6 அவுன்ஸ் துணி இன்னொரு படை, அதாவது சதுர மீற்றருக்கு 200 கிராம் துணியும் கிட்டத்தட்ட அதே அளவு ரெசினும் சேர 400 கிராம். ஆகவே எடையில் இரண்டும் அண்ணளவாகச் சமம். கூடுதல் துணி, தோலை நேரடியாகத் தடிப்பாக்கும், கல்லில் மோதினால் தாங்கும். கூடுதல் அடர்த்தி, தோலுக்குப் பின்னால் நிற்கும், கால் பதிந்து பள்ளம் விழுவதைக் குறைக்கும்.

அனுபவமுள்ள கை என்றால் நான் எந்தப் பக்கமும் பேசமாட்டேன். புதியவருக்கு என் வாக்கு நுரைக்குத்தான். முதல் தடவை துணி விரிக்கும் ஆளின் வேலையில் எங்கேயோ ரெசின் தேங்கும், எங்கேயோ காய்ந்துபோகும். அடர்த்தியோ காசு கொடுத்ததும் சீராகவே வந்து சேரும், அதற்குத் திறமை தேவையில்லை. இன்னொரு லாபம், அடர்ந்த நுரை சீவும்போது மணி பிடுங்காது. 16 கிலோ நுரையில் சீவுளி ஓட்டினால் அம்மைத் தழும்பு விழுந்த முகம்தான் மிஞ்சும். பிறகு அந்தக் குழிகளெல்லாம் ரெசின் குடித்து, மிச்சம் பிடித்த எடையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

ஆகவே 28க்கும் 32க்கும் இடையில் கிடைத்தால் கேள்வி கேட்காமல் எடுங்கள். மேலே 6 அவுன்ஸ் துணி ஒரு படை, 4 அவுன்ஸ் ஒரு படை, கீழே ஒரு 6. ஆள் 60 கிலோவுக்குள் என்றால் மேலே 4 இரண்டு படையும் போதும். 24 கிடைத்தாலும் நல்ல பலகை வரும், ஆனால் மேலே 6உம் 4உம் குறையக்கூடாது, கால் நிற்கும் இடத்தில் இன்னொரு துண்டுத் துணி. 20தான் என்றால் மேலே 6 இரண்டு படை. 85 கிலோவுக்கு மேற்பட்டவர் அதில் செய்யாமல் இருப்பதே நல்லது. 16உம் அதற்குக் கீழும் தவறான நுரை அல்ல. வெற்றிடப் பையில் அமுக்கி, மெல்லிய மரத்தகடோ அடர் நுரைத் தகடோ ஒட்டி, அதன்மேல் துணி போடுகிற சாண்ட்விச் முறைக்கு அது சரியான நுரை. அந்த வேலைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

எங்கே ஓடப் போகிறது என்பதையும் யோசியுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்கரை, அதன் பிறகு ஒக்டோபர் வரை கிழக்கு என்பது நம் ஊர் வழக்கம். வெலிகமவில் அலை சின்னது, அடி மணல். அங்கே பலகைக்கு வருகிற அடி பெரும்பாலும் உங்கள் சொந்த முழங்காலும் பக்கத்தில் பழகுகிறவரின் பலகையும்தான். அறுகம்குடாவின் பெரிய முனைக்கு எடுத்துப் போவதென்றால் கதை வேறு, அங்கே அலைக்கும் வலு, அடியில் பாறையும் உண்டு. அதோடு கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் வாகனக் கூரையில் கட்டிய கயிறு நெரிப்பதையும் பலகை தாங்கவேண்டும்.

துணி பற்றி ஒரு வார்த்தை. ஹார்ட்வெயார் கடையில் "பைபர் மட்" என்று தருவது நெய்த துணி அல்ல, நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய பாய். அந்தப் பசை பொலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரினில் கரைவதற்கென்று செய்தது. எப்பொக்சியில் சரியாக நனையாது, ரெசினையும் அள்ளிக் குடிக்கும். படகுக்கு நல்லது, பலகைக்கு வேண்டாம். நெய்த துணி என்று கேட்டு வாங்குங்கள்.

பியூ பிளாங்க் கிடைத்தவர்களுக்கு

ரெஜிபோம் கட்டியில் எங்கே வெட்டினாலும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான். அச்சில் வார்த்த பியூ பிளாங்க் அப்படியல்ல, பாணைப் போல வெளிப்பக்கம் இறுகி, உள்ளே போகப் போக மென்மையாகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலுவின் பெரும்பங்கு அந்த வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே செய்யப்போகும் பலகைக்கு மிக நெருங்கிய அளவில் பிளாங்க் எடுங்கள், தடிப்பைக் குறைக்க வேண்டியிருந்தால் கீழ்ப்பக்கத்தில் சீவுங்கள். கால் நிற்கும் மேல்பக்கத்தில் பிளாங்க்கின் வார்ப்புத் தோலை எடுத்ததும் நிறுத்திவிடுங்கள். பெரிய பிளாங்க்கை மலிவாக வாங்கி இரண்டு பக்கமும் ஆழச் சீவியவர் கடைசியில் மென்மையான நடுப்பகுதியைத்தான் பலகையாக்கியிருப்பார்.

பியூவைச் சூட்டுக் கம்பியால் வெட்டக் கூடாது. எரிந்தால் நச்சுப் புகை. வாள், சீவுளி, சாண்ட் பேப்பர் மட்டும், முகத்தில் நல்ல முகமூடியோடு.

தாளிலிருந்து பிளாங்க்

முன்பு சொன்ன 8க்கு 4 அடித் தாளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 8 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பில் ஒரு பிளாங்க். 7 அடிப் பலகைக்கு ஒரே தாள் போதும், இரண்டு பாதியும் ஒரே அடர்த்தி. ஒட்டும்போதே வளைத்த படுக்கையில் வைத்து மேலே பாரம் ஏற்றினால் முன்மூக்கின் வளைவும் சேர்ந்து வந்துவிடும்.

ஒட்டுக்கு நுண்ணிய கண்ணாடி மணித் தூள் கலந்த எப்பொக்சி, அல்லது பொங்கி வரும் பொலியூரித்தேன் மரப்பசை. முழுப் பரப்பிலும் பூசுங்கள், ஆனால் மெல்லிதாக. தடித்த ஒட்டு நுரையைவிடப் பல மடங்கு கடினம். ஓரத்தில் அந்தக் கோடு வெளியே வரும் இடத்தில் சாண்ட் பேப்பர் இரு பக்க நுரையைத் தின்றுவிட்டுக் கோட்டை மட்டும் முதுகெலும்பாக விட்டுவைக்கும்.

நுரையின் நடுவே நீளவாக்கில் வைக்கும் நடுச்சட்டம் வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் பலகைக்கு வையுங்கள். 3 முதல் 5 மில்லிமீற்றர் பிளைவுட், அல்லது எடை குறைந்த லுணுமிதெல்ல மரத் தகடு. வலுவுக்கு மட்டுமல்ல, சீவும்போது கண்ணுக்கு ஒரு நேர்கோடு கிடைக்கும்.

செட்டைப் பெட்டியும் கால்கயிற்றுக் குமிழும் வரும் இடங்களில் மட்டும் நுரையைத் தோண்டி எடுத்துவிட்டு அடர்த்தியான துண்டு ஒன்றைப் பதியுங்கள். எக்ஸ்பிஎஸ் துண்டுகள் உதவும் என்றேனே, அது இங்கேதான். செட்டை பக்கவாட்டில் இழுக்கும் விசை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குகிறது.

வெள்ளவத்தை பிளாட் பால்கனியில் ரெஜிபோம் சீவும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கடற்காற்று ஒரு வீச்சு அடித்தால் மூன்று மாடிக்கும் மணி பறக்கும், அப்புறம் பக்கத்து வீட்டு அன்ரியின் முகத்தில் முழிக்க முடியாது. மூடிய இடம், கையோடு வக்கியூம், மிச்சமெல்லாம் சாக்கில் கட்டி. சிந்தினால் வடிகான் வழியாக அது கடலுக்குத்தான் போகும். சூட்டுக் கம்பி வேலையை மட்டும் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கொழும்பு வெக்கையோடு வேலை

ரெஜிபோமுக்குள் காற்று இருக்கிறது. காலையில் துணி போட்டால் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, இன்னும் இறுகாத ரெசின் வழியாகக் குமிழி குமிழியாக வெளியே வரும். பின்னேரம், சூடு இறங்கத் தொடங்கியதும் போட்டால் நுரை ஆறும்போது ரெசினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்கு முந்திய நாளே கண்ணாடி மணித் தூள் கலந்த எப்பொக்சிப் பசையை மெல்லிய தகட்டால் நுரை முழுக்க இழுத்து, இடுக்குகளை அடைத்துவிடுங்கள். அடர்த்தி குறைந்த நுரைக்கு இது கட்டாயம்.

இங்கே 30 பாகைச் சூட்டில் எப்பொக்சி வாளிக்குள் நின்றால் தானே சூடேறி இறுகிவிடும். சின்னச் சின்னதாகக் கலந்து, கலந்ததும் துணியில் ஊற்றிப் பரப்புங்கள். ஈரப்பதனால் இறுகிய மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு படலம் வரலாம். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவித் துடைத்து, சாண்ட் பேப்பர் போடுங்கள்.

முடிந்த பலகையிலும் அந்தக் காற்று உள்ளேதான் இருக்கிறது. காலிமுகத்திடலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் தோல் கழன்று எழும்ப அதுவே போதும். ஈபிஎஸ் நுரை 80 பாகை அளவில் தானும் தளரத் தொடங்கும், வெயிலில் நிற்கும் கறுப்பு நிறப் பலகை நீங்கள் நினைப்பதைவிட அந்தப் பக்கம் நெருங்கும். ஆகவே வெள்ளை அல்லது இளநிறம், நிழல், வெள்ளிப் பூச்சுள்ள உறை. காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சிறு வால்வு ஒன்றை மேல்பக்கத்தில் பதிப்பது நல்ல பழக்கம். திருகி மூடும் வகை என்றால் கடலில் இறங்குமுன் மூடினீர்களா என்று பாருங்கள்.

தோல் வெடித்தால் உடனே கரைக்கு வாருங்கள். பியூ மெதுவாகத்தான் குடிக்கும், ரெஜிபோம் அந்தத் தயவைக் காட்டாது. நல்ல தண்ணீரால் கழுவி, வெடிப்புக் கீழே பார்க்க நிழலில் நிறுத்தி வையுங்கள். காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. பலகை முடிந்த அன்றைக்கே அதன் எடையைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தால், தராசு அந்த எண்ணுக்குத் திரும்பும்வரை வெடிப்பை மூடாமல் வைத்திருக்கலாம்.